ஐந்தாம் நாள் மீன்

எங்கள் வீட்டில் கவலைப்படுவதற்கென்று ஓர் ஆளை நியமித்திருந்தால் அந்த வேலை எனக்குத்தான் கிடைத்திருக்கும். ஒன்பது வயதில், படுக்கப் போகுமுன் கதவுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். எங்கள் மூன்றாம் மாடி யன்னலிலிருந்து ஹவுகெட்டோ ரயில் நிலையம் தெரியும். அப்பா வேலைக்குப் போகும்போது ரயிலில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏறிய பிறகு அது சரியான ரயில்தானா என்று யோசிக்கத் தொடங்குவேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா இதை "பிள்ளைக்குச் சரியான பொறுப்பு" என்று பெருமையாகச் சொல்வார். பொறுப்புமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எனக்குப் பயம்.

அந்த வருடம் எனக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம்தான் இருந்தது. மாமாவுக்கு வரவேண்டிய கடிதம்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நோர்வேக்கு வந்து, தன்னை அகதியாக ஏற்றுக்கொள்ளும்படி விண்ணப்பித்து இரண்டு வருடமாகியிருந்தது. முதல் வருடம் அவரை வடக்கே ஹம்மர்பெஸ்ட் பக்கத்தில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு அக்கா வீட்டில் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்து எங்களிடம் வந்தார். வரவேற்பறைச் சோபாதான் அவருடைய கட்டில். ஊரில் அப்போது சண்டை நின்றிருந்தது. நோர்வேக்காரர்தான் நடுவில் நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் ஆட்கள் கைகுலுக்குவதைக் காட்டும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சந்தோஷப்படாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சண்டை இல்லாத நாட்டுக்கு ஆளைத் திருப்பி அனுப்பலாம் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

கடிதத்தில் இரண்டில் ஒன்றுதான் வரும். இருக்கலாம் என்று வரும், இல்லாவிட்டால் 'அவ்ஸ்லாக்' வரும். அவ்ஸ்லாக் என்றால் மறுப்பு. அதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. தமிழ் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அது, அம்மை, கூகைக்கட்டு மாதிரி வீட்டுக்கு வந்துவிடக்கூடிய ஒரு வருத்தத்தின் பெயர். பள்ளிக்கூடத்தில் என் ஜாக்கெற்றுக்குப் பக்கத்துக் கொளுக்கியில் தன் ஜாக்கெற்றைக் கொழுவுகிற ஒரு பிள்ளை இருந்தாள். அவள் வீட்டுக்கு அவ்ஸ்லாக் வந்தது. கொஞ்ச நாள் அந்தக் கொளுக்கி வெறுமையாக இருந்தது. பிறகு அதன்மேல் வேறொரு பிள்ளையின் பெயரை ஒட்டினார்கள். ஆகவே மாமாவுக்கு அது வந்தால் என்ன நடக்கும் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும் தபால் வரும் நேரமும் ஏறத்தாழ ஒன்று. மாமா கீழே தபால் பெட்டிகளுக்கு முன்னால் சாவியோடு நிற்பார். திறந்து பார்த்துவிட்டு, "இண்டைக்கும் எங்களை மறந்திட்டாங்கள், பிள்ளை" என்று சொல்லி விளம்பரத் தாள்களை என் கையில் தருவார். இரண்டு பேரும் படியேறுவோம். எனக்கு அது நிம்மதியாக இருக்கும். மறந்துவிட்டால் நல்லதுதானே. மறந்தவர்கள் அனுப்ப மாட்டார்கள்.

வடக்கே முகாமில் மாமா இரண்டு விஷயம் பழகிக்கொண்டு வந்திருந்தார். ஒன்று சீனி போடாமல் கோப்பி குடிப்பது. மற்றது கரையில் நின்று தூண்டில் எறிவது. அங்கே காலையில் எழும்பினால் செய்வதற்கு வேறொன்றும் இல்லையாம். எந்தெந்த நாட்டுக்காரரோ எல்லாம் குளிரில் வரிசையாக நின்று கடலுக்குள் எறிவார்களாம். ஒருவருடைய பாஷை ஒருவருக்கு விளங்காது, ஆனால் மீன் கொத்தினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்களாம். ஒஸ்லோவுக்கு வரும்போது அவரிடம் ஒரு பயணப்பையும் ஒரு மடக்குத் தூண்டிலும்தான் இருந்தன.

அம்மாவுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. எங்கள் ஊரில் மீன் தின்கிறவர்கள் வேறு, பிடிக்கிறவர்கள் வேறு. பள்ளிக்கூட வாத்தியாரின் மகன் கடற்கரையில் தூண்டிலோடு நிற்பதை யாராவது தமிழ்ச் சனம் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று அம்மா தவித்தார். "நோர்வேக்காரன் பிடிச்சா அது பொழுதுபோக்கு. நீ பிடிச்சா சனம் வேற கதை கதைக்கும்" என்பார். ஆனால் மாமா கொண்டுவந்த மீனை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வெந்தயம் தாளித்து, பழப்புளி விட்டுக் குழம்பு வைப்பார். வந்த விருந்தாளிகள் "நல்ல உடன் மீன், எங்கை வாங்கினனீங்கள்?" என்று கேட்டால், நகரத்தில் ஒரு கடையில் என்பார். எந்தக் கடை என்று கேட்டால், இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ என்பார்.

அந்த ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அம்மா வருடா வருடம் பிடிக்கிற விரதம்தான். முருகன் சூரனைக் கொல்லும் நாள் வரைக்கும் ஆறு நாள். மற்ற வருடங்களில் ஒருநேரம் சோறு சாப்பிடுவார். அந்த முறை மாமாவின் கடிதத்துக்காக என்று நேர்ந்து, பகல் முழுக்கத் தண்ணீர், இரவில் ஒரு கோப்பை பால், ஒரு வாழைப்பழம் என்று கடுமையாகப் பிடிக்கத் தீர்மானித்தார். விரதம் தொடங்குவதற்கு முதல் நாளே வீட்டைக் கழுவினார். மீன் சட்டி செய்தித்தாளில் சுற்றப்பட்டு அலுமாரிக்கு மேலே போனது. உறைபெட்டியில் இருந்த மீன் முழுவதையும் கீழ்வீட்டு நோர்வேக்காரப் பெண்மணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் சமையல் மணத்தைப் பற்றி மாதம் ஒரு தரம் குறைசொல்லி எழுதிக் கதவில் ஒட்டுகிற பெண்மணி அவர். அத்தனை மீனையும் கையில் வாங்கிக்கொண்டு, இது தண்டனையா பரிசா என்று தெரியாமல் நின்றார்.

பிறகு அம்மா மாமாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, உனக்காகத்தான் பிடிக்கிறன். இந்த ஆறு நாளும் அந்தத் தூண்டில் தடியைத் தொடாதை."

"ஓம் அக்கா" என்றார் மாமா.

அம்மா என் பக்கம் திரும்பி, "நீ பாத்துக்கொள்" என்றார். அதை விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். நானோ பதவிப்பிரமாணம் எடுத்தவள்போல அதை ஏற்றுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விரதம் தொடங்கியது. புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது தபால் பெட்டிக்கு முன்னால் மாமா இல்லை. மேலே போய்க் கேட்டேன். "நீ எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே பிள்ளை" என்று சாவியைத் தந்தார். வியாழனும் அவர் இல்லை, வெள்ளியும் இல்லை. நானே பெட்டியைத் திறந்து விளம்பரத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தேன். விரதம் வேலை செய்கிறது, மாமா கவலையை விட்டுவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம்கூட அதைச் சொன்னேன். அம்மா சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வார இறுதி வேலை. தமிழ் வகுப்பு முடிந்து வந்து நான் சாப்பிட்டபின், பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன் என்று மாமா அம்மாவிடம் சொன்னார். உண்மையிலேயே எனக்கு ஒரு புத்தகம் திருப்பிக் கொடுக்க இருந்தது. அன்றுதான் கடைசி நாள். அம்மா பசியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபடியே, "காதை மூடிக்கொண்டு போங்கோ" என்றார்.

கீழே இறங்கியதும் மாமா இடப்பக்கம் திரும்பினார்.

"மாமா, நூலகம் மற்றப் பக்கம்."

"தெரியும்" என்றார்.

ரயில் பாதைக்குக் கீழால் போய் ஆற்றோரப் பாதையைப் பிடித்தோம். ஆறு இரண்டு கரையிலும் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் வலது கை மடங்காமல் விறைப்பாக ஆடுவதை அப்போதுதான் கவனித்தேன். ஜாக்கெற் கைக்குள் தூண்டிலை மடக்கிச் செருகியிருந்தார். திரும்பிப் போவோம் என்றேன். அம்மா கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள் என்றேன். மாமா ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

கடல் தெரிந்ததும் நின்றார். "மீன் பிடிக்க இல்லைப் பிள்ளை. சும்மா எறியப் போறன். வீட்டுக்குள்ளை இருக்க மூச்சு முட்டுது."

"எறிஞ்சா கொத்தும்தானே?"

"இந்தக் குளிருக்கை வாயைத் திறக்க மீனுக்கென்ன விசரே?"

கரைப் பாறைகளில் அலை பட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. கொஞ்சம் தள்ளி நீல உரோமத் தொப்பி போட்ட ஒரு நோர்வேக்காரக் கிழவர் மட்டும் தூண்டிலோடு நின்றார். மாமா தடியை நீட்டி, கரண்டி மாதிரியான ஒரு வெள்ளித் துண்டை நூலில் கட்டி எறிந்தார். அது தூரத்தில் போய் விழுந்தது. மெதுவாகச் சுற்றி இழுத்தார். மறுபடியும் எறிந்தார். நாலைந்து தரம் எறிந்ததும் தடியின் வளையங்களில் பனிக்கட்டி பிடித்து நூல் ஓடாமல் நிற்கும். மாமா கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு வளையத்தையும் விரலால் பொத்தி, வாயால் ஊதி உருக்குவார். விரல் நுனிகள் சிவந்து, பிறகு வெளிறிப்போயின. நான் பாதையைப் பார்த்தபடி நின்றேன். தமிழ்ச் சனம் யாராவது வந்தால் மாமாவுக்கு முன்னால் நின்று மறைப்பது என் திட்டம். என் உயரத்துக்கு அவருடைய இடுப்புவரைதான் மறைத்திருக்க முடியும்.

வளையங்களை உருக்கிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் ரிக்கெற்றை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று நோர்வேஜியச் சொற்கள் எழுதியிருந்தன.

"பிள்ளை, உதுகளுக்கு என்ன அர்த்தம் எண்டு சொல்லு பாப்பம். நானும் பாஷை படிக்கத்தானே வேணும்."

எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்தது. பாஷை என்று வந்தால் வீட்டில் நான்தான் பெரிய ஆள். அப்பாவுக்கு வருகிற கடிதங்களில்கூடச் சில சொற்களை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். முதற்சொல் 'வேத்தாக்'. அது எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "திங்கக்கிழமை ரீச்சரைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

"வேண்டாம், வேண்டாம். ரீச்சரிட்டைக் கேக்காதை. மற்றதைச் சொல்லு."

இரண்டாவது 'க்லாகெ'. "அது குறை சொல்லுறது, மாமா. கீழ்வீட்டு மனுசி எங்கட கறி மணக்குது எண்டு எழுதி ஒட்டுறாவே, அதுதான் க்லாகெ."

"அப்ப ஆரும் எழுதலாமோ?"

"ஓம், ஆரும் எழுதலாம். ஆனா ஒருத்தரும் காதிலை எடுக்கிறேல்லை."

மாமா சிரித்தார். மூன்றாவது 'ஃப்ரிஸ்ட்'. அதற்கு உதாரணம் என் ஜாக்கெற்றுக்குள்ளேயே இருந்தது. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். "இதுக்கு இண்டைக்குத்தான் ஃப்ரிஸ்ட். இண்டைக்குள்ளை குடுக்க வேணும். அதுதான் சொல்லுறன், கெதியாப் போவம்."

"குடுக்காட்டி?"

"வீட்டுக்குக் கடிதம் வரும்."

மாமா ரிக்கெற்றை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "கடிதம் வந்தா வரட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூண்டிலை எறிந்தார். அவருக்கு என்ன, புத்தகம் என் பெயரில்தானே இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.

அந்த எறிதலில்தான் மீன் கொத்தியது.

தடி வளைந்ததைக் கண்டதும் நான் "விடுங்கோ மாமா, விடுங்கோ" என்று கத்தினேன். விடத்தான் பார்த்தார். நூலைத் தளர்த்தினார். மீன் போகவில்லை. கரைக்கு வந்ததும் பார்த்தால், இங்கே தொஷ்க் என்று சொல்கிற மீன். என் கை நீளம் இருக்கும். பச்சை மஞ்சளாக, தாடையில் ஒரு சின்னத் தாடியோடு பனியில் கிடந்து வாயைத் திறந்து மூடியது. தூண்டில் முள் தொண்டைக்குள் ஆழமாக இறங்கி இரத்தம் வந்துகொண்டிருந்தது. மாமா முழங்காலில் இருந்து, விறைத்த விரல்களால் முள்ளைக் கழற்றப் பார்த்தார். முடியவில்லை.

கிழவர் நடந்து வந்தார். நல்ல மீன் என்று பாராட்டினார். இதை இனித் தண்ணீரில் விட்டால் வீணாகச் சாகும், வருத்தாதே என்று சொல்லி, மாமா பதில் சொல்லுமுன் தன் சட்டைப் பையிலிருந்த ஒரு சின்னக் கட்டையால் மீனின் தலையில் இரண்டு அடி அடித்தார். மீன் ஒருதரம் சிலிர்த்து அடங்கியது. "இரவுக்கு நல்ல சாப்பாடு" என்று என் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனார்.

அம்மாவின் விரதத்தின் ஐந்தாம் நாள். நான் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே கணக்கும் பார்த்தேன். கொன்றது கிழவர். தூண்டில் மாமாவுடையது. பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்டவள் நான். பாவம் எந்த விலாசத்துக்குப் போகும் என்று முருகனுக்கே குழப்பமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"எறிஞ்சிட்டுப் போவம் மாமா."

மாமா மீனைத் தூக்கி அதிலிருந்த பனியைத் தட்டினார். "செத்ததை எறியக் கூடாது பிள்ளை. ரெண்டு நாள் குளிருக்கை கிடக்கட்டும். விரதம் முடிய அக்காவுக்கு ஒரு சோறு குடுக்க வேணும்."

புத்தகம் கொண்டுவந்த பிளாஸ்ரிக் பைக்குள் மீன் போனது. புத்தகம் என் ஜாக்கெற்றுக்குள் போனது. வீடு வந்து சேர நாலு மணி, நன்றாக இருட்டிவிட்டது. அம்மா படுத்திருந்தார். மாமா சத்தமில்லாமல் பல்கனிக் கதவைத் திறந்து, என்னுடைய சிவப்புப் பனிச்சறுக்குத் தட்டைக் கவிழ்த்து, அதற்கடியில் மீனை வைத்தார். நான் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். அன்று படுக்கப் போகுமுன் கதவுப் பூட்டை ஆறு தரம் இழுத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சூரன்போர். வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் முருகன் வேலெடுத்துச் சூரனின் தலையைத் தட்ட, சனம் எல்லாம் "அரோகரா" என்றது. அம்மா எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று, மெலிந்துபோன கைகளைத் தலைக்குமேல் கூப்பி அழுதார். நானும் கும்பிட்டேன். காற்று வெப்பமாகி மீன் மணக்கக்கூடாது என்று மட்டும் கேட்டேன். மாமா மண்டபத்தின் பின்பக்கம், சப்பாத்துகள் கழற்றி வைக்கும் இடத்தில் நின்றார்.

அது வெப்பமாகவில்லை. முருகன் என் வேண்டுதலைக் கேட்டார். நான்தான் காகங்களைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

விரதம் முடிந்து மறுநாள் காலையில் பாறணை. அம்மா விடியமுன் எழும்பி ஐந்து கறி வைத்துச் சோறு சமைத்தார். முதற்பிடி காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பது எங்கள் வழக்கம். ஒஸ்லோக் காகத்துக்கு உடம்பெல்லாம் சாம்பல் நிறம், தலையும் சிறகும்தான் கறுப்பு. வந்த புதிதில் இது காகம்தானா என்று அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது. பிறகு, குளிருக்குச் சாம்பல் நிறத்தில் சட்டை போட்டிருக்கிற காகம் என்று ஏற்றுக்கொண்டார். கீழ்வீட்டுப் பெண்மணிக்குக் கேட்காதபடி மெதுவாக "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டே, தட்டோடு பல்கனிக் கதவைத் திறந்தார்.

காகங்கள் ஏற்கெனவே வந்திருந்தன. நாலைந்து சாம்பல் சட்டைக்காரர் சிவப்புத் தட்டைச் சுற்றி நின்று, விளிம்புக்குக் கீழால் பிளாஸ்ரிக் பையைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா "சூ" என்று விரட்டிவிட்டுச் சிவப்புத் தட்டை நிமிர்த்தினார்.

நான் பள்ளிக்கூடப் பையோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஆர் கொண்டந்தது?" அம்மாவின் குரல் உயரவில்லை.

"நான்தான் அக்கா" என்றார் மாமா.

"எப்ப?"

"சனிக்கிழமை."

அம்மா விரலில் எண்ணினார். எண்ணி முடித்ததும் காகத்தின் சோற்றைப் பனியில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். "அஞ்சு நாள்" என்றார். "அஞ்சு நாள் பச்சைத் தண்ணியோட கிடந்தன்ரா தம்பி." மாமா சோற்றைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்து, "சாப்பிடக்கா. முதல் சாப்பிடு. சாப்பிட்டிட்டு என்னை அடி" என்று கெஞ்சினார். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

அன்று பின்னேரம் வரும்போது தபால் பெட்டியைத் திறந்தேன். நூலகத்துக் கடிதம் வந்திருக்குமோ என்று துழாவிப் பார்த்தேன். விளம்பரத் தாள்கள் மட்டும் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படியேறினேன். வீட்டுக்குள் போனால் மேசையில் ஒரு கடித உறை. அப்பா ஒரு தாளைக் கையில் வைத்திருந்தார். அம்மா அழுதுகொண்டிருந்தார். நூலகம் நேரில் ஆளனுப்பிக் கொடுத்துவிட்டது என்றே நினைத்தேன். "நாளைக்குக் குடுத்திடுவன்" என்று சொல்லி நானும் அழத் தொடங்கினேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

"இண்டைக்கு வந்தது" என்றார் மாமா.

அப்பா தாளை மேசையில் வைத்தார். "அவ்ஸ்லாக்" என்றார்.

அம்மா அழுகையை நிறுத்திப் பல்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. மீன். மீனால்தான் வந்தது. பார்த்துக்கொள் என்று சொல்லி விட்ட ஆள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அப்பா மேன்முறையீடு எழுதினார். வசந்தத்தில் அதற்கும் மறுப்பு வந்தது. மாமா அதன்பிறகு தூண்டிலைத் தொடவில்லை. அலுமாரிக்கு மேலே போன மீன் சட்டியும் கீழே இறங்கவில்லை. அவர் போகிற நாளில், அம்மா கேட்காத நேரம் பார்த்து, "மாமா, அண்டைக்கு நான் உங்களைத் தடுத்திருந்தா உங்களுக்கு விசா கிடைச்சிருக்கும்" என்றேன். மாமா குனிந்து என் ஜாக்கெற் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். "மீன் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. அது பாவம்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த சில வருடங்கள், அங்கே மறுபடி சண்டை தொடங்கியபோதும், மாமாவிடமிருந்து மாதக்கணக்கில் தொலைபேசி வராதபோதும், நான் அந்த மீனோடுதான் வளர்ந்தேன்.

மாமா எப்படியெல்லாமோ சுற்றிக் கனடா போய்ச் சேர்ந்தார். இப்போது அங்கே ஒரு ஏரிக்கரையில், குளிர் தொடங்கும் மாதங்களில் நின்று வோல்ஐ என்று ஒரு மீன் பிடிக்கிறார். அதன் கண் கண்ணாடிக் குண்டு மாதிரி மினுங்கும். அந்தப் படங்களை அனுப்புவார். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்கை வாங்கினவனாம்?" என்று கேட்பார்.

போன வருடம் அப்பாவும் அம்மாவும் சின்ன வீட்டுக்கு மாறியபோது பழைய கடிதக் கோப்புகளை நான்தான் பிரித்து அடுக்கினேன். அப்பா எழுதிய மேன்முறையீட்டின் பிரதி இருந்தது. முதல் வரியிலேயே, மறுப்புக் கடிதம் எங்களுக்குக் கிடைத்த திகதி. பக்கத்தில் கடித உறை. உறையில் இருந்த தபால் முத்திரை அதற்கும் ஒரு கிழமை முந்தியது. ஒரே நகரத்துக்குள் ஒரு கடிதம் வர ஒரு கிழமை எடுக்காது. நான் மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வந்தது" என்றார், நேற்றைய விஷயத்தைச் சொல்வதுபோல. "அக்கா விரதம் தொடங்கின அண்டு. சொன்னா அண்டைக்கே முருகனோட கோவிச்சுக்கொண்டு எழும்பியிருப்பா. பேந்து அவ ஆரிட்டைப் போறது? என்னோட கோவிச்சா பரவாயில்லை, நான் தம்பிதானே."

"அப்ப நான், மாமா?"

ஏரிக்கரையில் அவர் நூலைச் சுற்றி இழுக்கும் சத்தம் கேட்டது.

"நீ சின்னப்பிள்ளை. மறந்திடுவாய் எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஒரு மீனைச் சுமக்கவைத்த கோபம். அந்தக் கோபத்தோடு அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட நினைத்தேன். அம்மா புது வீட்டுச் சுவரில் முருகன் படத்தை எங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். சொல்லவில்லை.

அந்த பஸ் ரிக்கெற்றைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். முடிவு, முறையீடு, கடைசித் தவணை. இந்த மூன்று சொல்லும் சேர்ந்து வரும் கடிதத்தில் நாலாவதாக இன்னொரு சொல் கட்டாயம் இருக்கும், இவை மூன்றுக்கும் முன்னால், தடித்த எழுத்தில். அதை மாமா எழுதிக்கொண்டு வரவில்லை. அதற்கு அர்த்தம் சொல்ல அவருக்கு ஆள் தேவைப்படவில்லை. அவர் வளையத்துப் பனியை ஊதிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் என் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, இன்றைக்குள் கொடுக்காவிட்டால் வீட்டுக்குக் கடிதம் வரும் என்று அவரைப் பயமுறுத்திக்கொண்டு நின்றேன்.